வாக்குக் கேட்கும் நீதிபதிகள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பாராளுமன்ற அபேட்சகர்கள் நம் படலையடிக்கு வந்து வாக்குக் கேட்பதை நாம் அறிவோம். நீதிபதியாக வர விரும்பும் ஒருவர் அவ்வாறு வீடு வீடாக வந்து கைகூப்பி நிற்பதை நாம் கண்டதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் அது சாதாரண காட்சியாகும். அந்த முறையில் நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அங்கே மரணசாதன நீதிமன்றம் என ஒன்றுண்டு. இறந்தவரின் மரணசாதனம் உண்மையானதா, சொத்து யாரைச் சேரும், பெற்றோரை இழந்த பிள்ளைக்கு யார் பாதுகாவலர், சித்தம் தடுமாறிய முதியவரின் பணத்தை யார் பராமரிப்பது என்பனவற்றை அது தீர்மானிக்கும். மணவிலக்கு, பிள்ளைகளின் பொறுப்பு, தத்தெடுப்பு என்பவை குடும்ப நீதிமன்றத்தின் பாற்படும். கொலை வழக்கில் நீதிபதி முன் நிற்பவர் ஊரில் ஒருவரோ இருவரோதான். மரணமோ ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். ஆகவே மக்கள் தம் வாழ்நாளில் காணக்கூடிய நீதிபதி பெரும்பாலும் இவரே.

இவரை மக்களே தெரிவுசெய்யும் வழக்கம் எங்ஙனம் தோன்றியது? 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் வாக்கினால் தெரிவுசெய்ய முடிவுசெய்தது. 1846இல் நியூயோர்க்கும் அவ்வழி சென்றது. ஆளுநர்களும் சட்டசபைத் தலைவர்களும் தம்மைச் சார்ந்தோர்க்கு நீதியாசனத்தைப் பரிசாக வழங்குகிறார்கள் என்ற மனக்குறையே அதற்கு முக்கிய காரணம். நோக்கம் நல்லதே.

மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே மரணசாதன நீதிபதியின் பதவிக்காலம் 6 ஆண்டு. அபேட்சகர் சட்டத்தரணியாக இருத்தல் வேண்டும். எழுபது வயதை எட்டியவர் போட்டியிட முடியாது. வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இராது. ஆனால் பதவியிலிருப்பவரின் பெயரருகே அவர் பதவியிலிருப்பவர் என்று அச்சிடப்படும். புதியவர் வாக்காளரிடம் கையொப்பம் திரட்ட வேண்டும். பழையவருக்குச் சத்தியக் கடதாசி ஒன்றே போதும். ஜோர்ஜியாவில் 159 மாவட்டங்களிலும் இத்தகைய நீதிபதிகள் தெரிவாகின்றனர். சிறிய மாவட்டங்களில் அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டுமென்ற விதியுமில்லை. மேரிலாந்தில் இம்மன்றத்தின் பெயரே அநாதைகள் நீதிமன்றம் என்பதாகும்.

இம்முறையின் சிறப்பை மறைத்தல் நேர்மையாகாது. வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர், விதவையைச் சீறி விழுபவர், காலை பத்து மணிக்கு ஆசனத்தில் இல்லாதவர் ஆகியோர் அடுத்த தேர்தலில் மக்களுக்குப் பதில் கூறியே ஆகவேண்டும்.

ஆயினும் கேடுகள் மூன்று. முதலாவது பணம். அபேட்சகருக்குத் தேர்தற் செலவுக்குப் பணம் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் அவர் முன்னிலையில் நாளை வாதாடப்போகும் சட்டத்தரணிகளே! புளோரிடாவில் நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட ஒருவர் நேரடியாக நன்கொடை கேட்டுக் கடிதம் விடுத்தார். அதைத் தடைசெய்யும் விதி செல்லுபடியாகும் என்று 2015இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன், மேற்கு வேர்ஜினியாவின் மேன்முறையீட்டு மன்றத் தேர்தலொன்றில், நிலக்கரிக் கம்பெனி ஒன்றின் தலைவர் ஓர் அபேட்சகருக்குச் சாதகமாக ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் செலவிட்டார். வென்ற அந்த நீதிபதி பின்னர் அக்கம்பெனியின் வழக்கிலேயே அமர்ந்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் உயர்நீதிமன்றம் கூறிற்று. நால்வர் மறுக்க, ஐவர் கூறினர்!

இரண்டாவது கட்சி அலை. ரெக்சாசில் நீதிபதிகள் கட்சிப் பெயரால் போட்டியிடுகின்றனர். 2018இல் ஹூஸ்ரன் நகரப் பகுதியில் வீசிய அலையில், திறமையுள்ளோரும் அற்றோரும் ஒருங்கே அள்ளுண்டு போயினர். பிள்ளை தாயிடமா தந்தையிடமா என்ற வழக்குக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது வாக்குறுதி. சட்டப் பிரச்சினைகளில் அபேட்சகர் தம் கருத்தைக் கூறலாமென 2002இல் உயர்நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால், "இவ்வழக்கை இப்படித் தீர்ப்பேன்" என்று வாக்குறுதி அளிப்பவர் நீதிபதியல்லர், முன்கூட்டியே விலைபோனவர். பெரும்பான்மையினரின் வாக்கில் அமர்ந்தவர், வாக்கே இல்லாத சிறுபிள்ளைக்காகப் பெரும்பான்மையினரை எதிர்த்துத் தீர்ப்பளிக்கத் துணிவாரா? பிரான்சிய அறிஞர் தொக்வில் 1835இலேயே இவ்வாபத்தை எச்சரித்தார். 1940இல் மிசூரி மாநிலம் இடைவழி ஒன்றைக் கண்டது: குழுவொன்று தகுதியானோரைத் தெரிந்து முன்மொழியும், ஆளுநர் அவருள் ஒருவரை நியமிப்பார், பின்னர் அவர் நீடிக்கலாமா என்று மக்கள் வாக்களிப்பர். இம்முறை அங்கு மேல்மன்றங்களுக்கும் பெருநகர்ப் பகுதிகளுக்குமே உரியது.

நம் நாட்டில் மரணசாதன வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. அதன் நீதிபதியை நியமிப்பது பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச்சேவை ஆணைக்குழு. தேசவழமையின் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற நுட்பங்களைத் தேர்தல் மேடையில் தீர்க்க முடியாது. எனவே நீதிபதியை வாக்கினால் தெரிவுசெய்ய வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

ஆனால் வாக்கில்லை என்பதால் வாயும் இல்லையென்று இருந்துவிடலாகாது. தகப்பன் இறந்த வயலுக்கு உரித்து எழுதப்படாமற் கிடந்தால், மகன் அதை ஈடுவைத்து விதைநெல்லுக்குக் கடன் பெற முடியாது. மாரி மழை வழக்குத் தவணைக்காகக் காத்திராது. மிச்சிகன் விவசாயி ஆறாண்டுக்கு ஒருமுறை நீதிபதியிடம் கேட்கும் கேள்விகளை நாம் ஆண்டுதோறும் கேட்கலாம். எத்தனை வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன? பாதுகாவலர்கள் பிள்ளைகளின் பணத்துக்குக் கணக்குக் காட்டினரா? இவற்றை வெளியிடுமாறு கேட்பது எந்தத் தீர்ப்பிலும் தலையிடுவதாகாது.

தீர்ப்பில் நீதிபதி எவருக்கும் அஞ்சலாகாது. கடமையில் எல்லோருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிந்து, இரண்டாவதை உரத்துக் கேட்போமாக!