கல்லூரியில் படிப்பது எப்படி?

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளையில், கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)

 

கிளைத் தலைவர் என்னை அழைத்தபோது, "குழந்தைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கோ" என்றார். 31 வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகையால் காரியத்துக்கு உதவும் சில விஷயங்களையே சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாங்கிய பிள்ளைகள், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் முகம் வாடி என் அறை வாசலில் நிற்பதை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். "சார், நான் ராத்திரி பகலாகப் படித்தேன், எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். அவர்கள் படித்தது உண்மை. புத்தி மழுங்கிவிடவும் இல்லை. படிப்பின் தன்மை மாறியிருந்தது. படிக்கும் முறை மாறவில்லை. அவ்வளவுதான்.

பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம். கேள்வியும் பதிலும் அதற்குள்ளேயே இருக்கும். கல்லூரியில் பாடத்திட்டத்தின் அடியில் ஐந்து புத்தகங்களின் பெயர் போட்டிருக்கும். விரிவுரையாளர் ஐம்பது நிமிஷம் பேசிவிட்டுப் போய்விடுவார். மீதியை மாணவன்தான் தேட வேண்டும், படிக்க வேண்டும், எது சரி என்று தீர்மானிக்க வேண்டும், தன் வார்த்தையில் எழுத வேண்டும். இந்த நான்கும் தனித்தனித் திறமைகள். இவற்றை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தருவதில்லை. தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். வருவதில்லை.

முதலில் படிப்பது.

நம் பிள்ளைகள் ஒரே பாடத்தை நான்கு தடவை, ஐந்து தடவை வாசிக்கிறார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு கட்டுரையை நான்கு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் கட்டுரையைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கோ சுமார் 61 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், "எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்" என்ற நம்பிக்கை திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. கண்ணுக்குப் பழகிப்போன பக்கத்தை, மனதில் ஏறிய பாடம் என்று நினைத்து ஏமாறுகிறோம்.

இது நமக்குப் புதிதல்ல. வேத பாடசாலையில் சந்தை சொல்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குரு ஒரு முறை சொல்வார். சிஷ்யன் இரு முறை திருப்பிச் சொல்வான். கையில் புத்தகம் கிடையாது. தப்பினால் அங்கேயே திருத்தம். மறுநாள் புதிய பாடத்துக்கு முன் பழைய பாடத்தைச் சொல்லியாக வேண்டும். உள்ளே போட்டதை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் அந்த முறையின் பலம். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொற்களைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தங்கிவிட்டது. எடுத்துச் சொல்லிச் சோதிக்கும் வழக்கம் நழுவிவிட்டது.

ஆகவே மாணவர்களே, ஒரு பகுதி படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெறும் தாளில் ஐந்து வரி எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போனது எதுவோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. மூன்று நாள் கழித்து ஒரு தரம், பத்து நாள் கழித்து ஒரு தரம் இதையே செய்யுங்கள். பரீட்சைக்கு முந்தின இரவு கண் விழிக்க வேண்டிய அவசியம் பெருமளவு குறைந்துவிடும்.

அடுத்தது குறிப்பு எடுப்பது. இப்போது கரும்பலகையைச் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். ஆயிரம் படங்கள் சேர்ந்துவிடும்; ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் ஒரு எளிய முறையைப் பரப்பினார். தாளின் இடது பக்கம் ஒரு குறுகிய பத்தி விடுங்கள். வலது பக்கம் வகுப்புக் குறிப்பு. அன்று மாலையே இடது பக்கத்தில் அந்தக் குறிப்புக்குரிய கேள்விகளை எழுதுங்கள். அடியில் இரண்டு மூன்று வரியில் சாரம். பிறகு வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு, இடது பக்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். நோட்டுப் புத்தகமே பரீட்சை வைத்துவிடும்.

மூன்றாவது தேடுவது. இங்கே ஒரு பெரியவரை நினைக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் போதித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1931-ல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதை அவற்றில் ஒன்றாகவே வைத்தார். புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, தேவைப்படுகிறவர் கைக்கு அது சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்பது அவர் கவலை. இன்று புத்தகம் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆனால் எங்கே தேடுவது என்று தெரியாமல் பிள்ளைகளின் நேரம் வீணாகிறது.

என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய 'என்.பி.டெல்' பாடங்களை யாரும் காசில்லாமல் கேட்கலாம். 2017-ல் வந்த 'ஸ்வயம்' தளத்தில் சேரவும் கட்டணம் இல்லை. சான்றிதழுக்காகப் பரீட்சை எழுதினால் அதற்கு மட்டும் கட்டணம். கல்லூரி ஏற்றுக்கொண்டால் அது கிரெடிட்டாகவும் சேரும். ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கிய தேசிய மின்னூலகம் 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காந்திநகரிலுள்ள 'இன்ஃப்ளிப்நெட்' நடத்தும் 'ஷோத்கங்கா'வில் நம் பல்கலைக்கழகங்களின் பி.எச்.டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் அனுமதித்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை அரசுக் கல்வி நிலையங்களின் மாணவர்கள் படிக்கலாம். உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் போய்ப் பார்க்க வேண்டியவர் நூலகர். பலர் மூன்று வருஷம் முடிந்து நோ-டியூஸ் சர்டிபிகேட்டுக்குத்தான் அவரைப் பார்க்கிறார்கள்.

உதாரணமாக, நம் விதர்பாவின் ஆரஞ்சு விவசாயம் பற்றி ஒரு அசைன்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் இரண்டு வார்த்தை போட்டால், யார் எழுதியது, எந்த வருஷம் எழுதியது என்று தெரியாத பத்துப் பக்கங்கள் வரும். அதற்குப் பதிலாக ஷோத்கங்காவில் அதே விஷயத்தில் ஒரு ஆய்வேட்டை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் அவர் பயன்படுத்திய நூல்களின் பட்டியல் இருக்கும். அங்கிருந்து நாலு நல்ல நூல்களுக்குப் போய்விடலாம். புள்ளிவிவரத்துக்கு ரிசர்வ் வங்கி மாநிலவாரியாக வெளியிடும் கையேடு இருக்கிறது. எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? எதை ஆதாரமாக வைத்துச் சொன்னார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதை உங்கள் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

நான்காவது எழுதுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், வேறு ஊரில் எம்.பி.ஏ. கடைசி செமஸ்டரில் இருந்தார். அப்பாவுக்கு அந்த வருஷம் ரிட்டயர்மென்ட். பையனுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. ஜூனுக்குள் டிகிரி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாதிக்கு மேல் மற்றவர்கள் எழுதியது அப்படியே இருந்தது. ரிப்போர்ட் திரும்பி வந்தது. வேலை கைநழுவிப் போயிற்று. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "மாமா, நான் திருடணும்னு நினைக்கலை. நல்ல நல்ல வாக்கியமா தேடி எடுத்துச் சேர்க்கறதுதான் ப்ராஜெக்ட்னு நினைச்சேன். மூணு மாசம் உழைச்சேன்." அவர் சொன்னதை நான் நம்பினேன். பள்ளியில் புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் முழு மார்க். அதே காரியம் பல்கலைக்கழகத்தில் குற்றம். இடையில் யாரும் அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லவில்லை.

யு.ஜி.சி. 2018-ல் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஒரு வருஷம் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. எனவே பிறர் கருத்தை எடுக்கும்போது, புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். யாருடைய கருத்து என்று பெயர், வருஷம், பக்கம் போடுங்கள். அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இந்த விவரங்களைப் படிக்கும்போதே குறித்து வைக்க 'ஸோடெரோ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பல அசைன்மென்ட்கள் ஒரே குரலில் வருவதாகப் பழைய சகாக்கள் சொல்கிறார்கள். அதைத் தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். புரியாத ஒன்றை எளிதாக விளக்கச் சொல்லுங்கள். உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அது இல்லாத நூலையும் இருப்பதுபோலச் சொல்லும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், அது கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. படித்த வக்கீல்களுக்கே அந்த கதி. அது சொல்லும் ஒவ்வொரு நூலையும் நேரில் எடுத்துப் பாருங்கள். கல்லூரியின் விதி என்ன என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எழுதும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள். எழுதும்போதுதான் நமக்கு எது புரியவில்லை என்று நமக்கே தெரிகிறது.

சில சின்னப் பழக்கங்கள். ஃபைலுக்குத் தேதியும் பாடத்தின் பெயரும் சேர்த்துப் பெயர் வையுங்கள். எதையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். லாப்டாப் கெட்டுப் போவதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். எக்செல் கற்றுக்கொள்ளுங்கள், எந்தப் பாடம் படித்தாலும் உதவும்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு, "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்றும் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. தெரியாதவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால்தான் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நாம் கொடுக்கும் உதவித்தொகை ஃபீஸ் கட்ட உதவுகிறது, சந்தோஷம். ஆனால் படிக்கும் முறை தெரியாமல் ஒரு வருஷம் வீணானால், அந்தக் குடும்பம் இழப்பது நாம் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. நம் உறுப்பினர்களில் ரிட்டயரான ஆசிரியர்கள், ஏ.ஜி. ஆபீஸ்காரர்கள், ரயில்வே, வங்கி அதிகாரிகள் எத்தனை பேர்! குறிப்பு எழுதவும் கணக்கைச் சரிபார்க்கவும் ஆயுள் முழுக்கப் பழகியவர்கள். ஒவ்வொரு கிளையிலும் கல்லூரி திறக்கும் மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு வாரம் படிப்பது, ஒரு வாரம் தேடுவது, ஒரு வாரம் எழுதுவது, ஒரு வாரம் கணினி. கணினி வாரத்தை மட்டும் கடைசி வருஷம் படிக்கும் நம் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். அவர்கள் நமக்கும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். நாக்பூர் கிளையில் முதல் மூன்று வாரத்தை நடத்த நான் தயார். மற்ற ஊர்க் கிளைகளும் இதை யோசிக்க வேண்டுகிறேன்.

குழந்தைகள் எல்லோரும் க்ஷேமமாக இருந்து, நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.