விளிம்பில் இருக்கும் பெயர்: தங்க வயலும் போர்ப் பதக்கங்களும்



தங்கத்தைப் பற்றிப் பேசாத மேடை இந்தக் கோலார் தங்க வயலில் இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த கதையும் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய கதையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது வெள்ளியையும் வெண்கலத்தையும், அவற்றோடு வந்த காகிதத்தையும் பற்றி.

போர்ப் பதக்கத்துக்கும் சுரங்க ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆள் வந்த ஊர்கள்தான் சம்பந்தம். சுரங்கத்துக்குக் கூலியாட்களை அனுப்பிய அதே வட ஆர்க்காடுதான் பட்டாளத்துக்கும் ஆள் அனுப்பியது. வேலூருக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்பார்கள். அண்ணன் தங்க வயலின் மாரிக்குப்பத்துக்கு ரயிலேறினால், தம்பி பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் முகாமில் போய் நிற்பான். முதல் உலகப் போருக்கு மதராஸ் மாகாணத்திலிருந்து சென்றவர்கள் 92 ஆயிரத்துக்கும் மேல். அதில் 41 ஆயிரம் பேர் துப்பாக்கி தூக்காதவர்கள்; மூட்டை சுமந்தவர்கள், சமைத்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள்.

போர் முடிந்ததும் பதக்கம் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்று பெயர். ஒருபக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை; மறுபக்கம் குதிரைமேல் ஆடையற்ற ஒருவன், குதிரையின் காலடியில் பிரஷ்யக் கழுகுச் சின்னம், 1914, 1918. சிப்பாய்க்கு ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் வெள்ளியில் வந்தது. அதே அச்சு, அதே மன்னர், அதே குதிரை. கூலித் தொழிலாளர் படைக்கு மட்டும் வெண்கலம். உயிரைப் பணயம் வைப்பதிலும் தரம் பிரித்த அரசாங்கம் அது. ஆனால் காலம் வேறு கணக்குப் போட்டது. வெள்ளி விலை ஏறிய போதெல்லாம் வெள்ளிப் பதக்கம் அடகுக் கடைக்கும் ஆசாரியின் உலைக்கும் போனது. வெண்கலத்தை யாரும் சீந்தவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் அதைத்தான் அதிக விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

அந்தப் பதக்கம் கையில் கிடைத்தால் மன்னரைப் பார்க்காதீர்கள். விளிம்பைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்தில் ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு தெரியும். இதில் முக்கியமானது எண். முனுசாமி என்ற பெயரை வெள்ளைக்கார எழுத்தர் நாலு விதமாக எழுதியிருப்பார். ஒரே கம்பெனியில் பத்து முனுசாமி இருந்திருப்பார்கள். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால்தான் ஆள் ஒருவராகிறார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விளிம்பை மழுங்கடித்த வீடுகள் உண்டு. பக்தியோடு செய்ததுதான், ஆனால் அழிந்தது தாத்தாவின் பெயர்.

அந்தப் பெயருக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது; மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு எழுப்பியது. அங்கே பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் தலைக்கணக்கும் மட்டும்தான். போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் இப்படிப்பட்ட பாகுபாடுகளுக்கு மன்னிப்புக் கேட்டது. கல்லில் இடம் கிடைக்காத பெயர் பதக்கத்தின் விளிம்பில் இருக்கிறது. இறந்தவர் வீட்டுக்கு வந்த வட்டமான வெண்கலத் தகட்டிலும் இருக்கிறது. சாப்பாட்டுக் கிண்ணத்தை மூடுமளவு பெரிய அந்தத் தகட்டில் பதவி கிடையாது, படைப்பிரிவு கிடையாது. சாவில் எல்லோரும் சமம் என்று எண்ணிச் செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இனிஷியல்கூட இல்லாத ஒரு தமிழ்ப் பெயர் மட்டும் இருந்தால் ஆராய்பவன் என்ன செய்வான்? தகட்டோடு வந்த காகிதச் சுருளில் படைப்பிரிவு இருந்தது. பல வீடுகளில் தகடு தங்கியது, காகிதத்தைக் கரையான் தின்றது.

இரண்டாம் உலகப் போரிலும் பெயர் இருந்தது. பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார் எல்லாம் இந்தியச் சிப்பாய்க்குப் பின்பக்கத்தில் பெயர் பொறித்தே வந்தன. ஆனால் காகிதம் தொலைந்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கதையும் தொலைந்துபோகும். ஐந்து பதக்கத்தை ஒரே கம்பியில் கோத்து, ஒரு கதையையும் கோத்து விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆகவே, பதக்கத்தைவிட டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் பெரிய சொத்து என்பது என் கருத்து.

காகிதம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒருவர் போதும். காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன கண்ணியின்மேல் தன் உடலைப் போட்டு மூடினார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கம் அறிவித்த செய்தி பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் இருக்கிறது. பதக்கம் எந்தப் பெட்டகத்தில் இருந்தாலும், அந்தச் சில வரிகள் இல்லாவிட்டால் அது ஒரு வெள்ளிச் சிலுவை மட்டும்தான்.

தங்க வயலுக்கே சொந்தமான பட்டாளச் சின்னமும் ஒன்று உண்டு: 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் பட்டாலியன்'. 1920-இல் அமைந்த துணைப்படையைச் சேர்ந்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமான படை அது. ஊர்ப் பெயரைத் தாங்கிய சின்னத்தை ஊரில் பெரும்பான்மையான தமிழ்த் தொழிலாளி அணிய முடியவில்லை. அதையும் சேகரிக்கத்தான் வேண்டும். நம்மை வெளியே நிறுத்திய கதவும் வரலாறுதான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளும், எழுபத்தைந்தாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணமும் தொல்பொருள். அவற்றை நாட்டுக்கு வெளியே தனியார் விற்க முடியாது. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பித் தருகிறேன் என்று யாராவது வீடு தேடி வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பஞ்சாபில் முதல் உலகப் போர் வீரர் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, 2021 முதல் பேரன்கள் தேடிப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். நமக்கும் அப்படியொன்று வேண்டுமென்றால் வேலை நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில்தான் தொடங்க வேண்டும். சுரங்கம் மூடியபின் குடும்பங்கள் பெங்களூருக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. வீடு காலி செய்யும்போது முதலில் பழைய இரும்புக்காரனிடம் போவது டிரங்குப் பெட்டிதான். அதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் தேய்க்காமல் விளிம்பைப் படம் எடுங்கள். காகிதம் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, தேதியோடு எழுதிச் சேர்த்து வையுங்கள். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஏதாவது ஒரு பள்ளி இதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்கட்டும். அந்த அலமாரிக்கு வேண்டிய பூட்டையும் பதிவேட்டையும் வாங்கித் தரும் பொறுப்பை இந்த மேடையை அமைத்த அறக்கட்டளை இவ்வாண்டே ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.