பத்தில் ஒன்று போதுமா?

சரக்கு வந்து சேர்ந்ததும் பத்தில் ஒன்றை எடுத்துச் சோதிப்பது, குறை தென்படாவிட்டால் முழுவதையும் ஏற்றுக்கொள்வது: பண்டகசாலைகளில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கம் இது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதால் நியாயமானதாகவும் தோன்றுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறு இல்லை.

நூற்றுக்கு ஐந்து குறையுள்ள சரக்கை இருவர் அனுப்புவதாகக் கொள்வோம். ஒருவர் அனுப்பியது 100 உருப்படிகள்; மற்றவர் அனுப்பியது 1,000. முன்னதில் 10, பின்னதில் 100 எடுக்கிறோம். குறை எதுவும் அகப்படாமல் முதற்சரக்கு தப்பிவிடும் வாய்ப்பு சுமார் 58 விழுக்காடு. இரண்டாவது தப்பும் வாய்ப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. தரம் ஒன்றே; தீர்ப்புதான் வேறு. சிறு சரக்கை வாங்கும் மருத்துவமனையோ பள்ளியோ ஏமாறுகிறது.

பாதுகாப்பளிப்பது பெரும்பாலும் மாதிரியின் எண்ணிக்கையே. மொத்தத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பது அன்று. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2500 அட்டவணைகள் இதனை ஒட்டியே அமைந்தவை. வழக்கமான சோதனை நிலையில் 100 உருப்படிகளுக்கு 20, 1,000 உருப்படிகளுக்கு 80 என அவை பொதுவாக மாதிரி அளவைத் தருகின்றன. எத்தனை குறைகள் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் தவறலாம். மேலடுக்குப் பெட்டிகளிலிருந்தே எடுத்தால், அனுப்பியவர் நமக்குக் காட்ட விரும்பியதைத்தான் காண்போம். சீரான இடைவெளியும் சில வேளை ஏமாற்றிவிடும். எட்டுக் குழிகள் உள்ள அச்சில் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கப்பட்டு, அதே வரிசையில் வெளிவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு ஒன்றாக எடுத்தால் ஒரே குழியின் மூடிகளே திரும்பத் திரும்பக் கையில் வரும். பழுதுபட்ட குழி வேறாக இருந்தால், நாள் முழுதும் சோதித்தாலும் பயனில்லை. இத்தகைய இடத்தில் ஒவ்வொரு குழியையும் தனிப் பிரிவாகக் கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் சமவாய்ப்பு முறையில் எடுக்கவேண்டும். இயந்திரங்களும் வேலை முறைகளும் பலவானால் அவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

இவை நமக்குப் புதியன அல்ல. மகலனோபிஸ் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அவர் அழைப்பின்பேரில் தரக் கட்டுப்பாட்டின் முன்னோடியான ஷூவார்ட் 1947-48-ல் இந்தியா வந்தார். கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் அதன்பின் தொழில் நகரங்களில் அமைந்தன.

அலுவலர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. பெட்டிகளுக்கு எண்ணிடுங்கள். சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எண்களைத் தேர்ந்து, பெட்டியைத் திறக்கும் முன்பே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அந்தப் பெட்டி அடியில் இருந்தால், மேலுள்ளவற்றை இறக்கத்தான் வேண்டும்.