முற்றத்து விளக்கும் ஒடியற் கூழும்



ஒடியல் மா இலேசில் கிடைப்பதல்ல. ஆவணி, புரட்டாதியிற் பனம்பழம் விழும். விதையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடிவிட்டால் தை, மாசியிற் கிழங்கு கிண்டலாம். அவிக்காத பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அதை இடித்தால் மா. அந்த மாவிலே ஒரு காறல் உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து அதைத் தணிப்பார்கள். முற்றாகப் போக்கிவிட மாட்டார்கள். அந்த மிச்சக் காறல்தான் கூழுக்கு உயிர்.

அண்மையில் நல்லூர்ப் பக்கம் ஓர் உணவகத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். பழைய நாற்சார் வீடு. 2009இல் போர் முடிந்து வெளியாட்கள் வரத் தொடங்கியபின் இப்படிச் சில வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. இடிந்துபோவதை விட அது நல்லது என்பதே என் எண்ணம். தூண்களை மெருகிட்டு, ஓடு மாற்றி, நடு முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் வானம். மேசைக்கு மேசை ஜாம் போத்தல் விளக்கு!

கனடாவிலிருந்து வந்திருந்த மருமகன் அதைப் படமெடுத்தான். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. போத்தலின் அடியிற் பஞ்சு வைத்து, அதை நனைக்கும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவோம். "இந்த விளக்கிலைதான் உன்ரை அம்மா சோதனைக்குப் படிச்சவ" என்றேன். அவனுக்கு விளக்கு அழகாக இருந்தது. எனக்கும் அழகாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

கூழ் வந்தது. வெள்ளைப் பீங்கான் கோப்பை, கரண்டி, மேலே கொத்தமல்லித் தழை. கூழிலே மல்லித்தழை! விளிம்பில் ஒரு நண்டுக்கால் அலங்காரமாகத் தொங்கிற்று. மீன்தலை இல்லை, பலாக்கொட்டை இல்லை, பயிற்றங்காயைத் தேடினாலும் இல்லை. உறைப்போ, பாலகனுக்கும் பருக்கலாம். வாயில் வைத்தால் சோளமாப் பசை.

"தம்பி, ஒடியல் மா போட்டதோ?" என்று பரிமாறிய பையனைக் கேட்டேன்.

"கொஞ்சம் போடுறவை, ஐயா. கூடப் போட்டா, வாற ஆக்கள் கைக்குதெண்டு வைச்சிட்டுப் போகினம்."

பிள்ளை பொய் சொல்லவில்லை. கூழ் ஓராளுக்கென்று வைக்கும் சாப்பாடுமல்ல. பெரிய பானையில் வைத்து, வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து, பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடிப்பது. கோப்பை கோப்பையாக அளந்து விற்கும்போதே அது பாதி கெட்டுவிடுகிறது. அதை உணவகக்காரரின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், தூணுக்குத் தகுந்த தச்சனைத் தேடிப் பிடித்தவர்கள், கூழுக்கு அயலில் ஓர் ஆச்சியைக் கேட்டிருக்கலாமே! விளக்கிலிருந்து பழைய கஷ்டத்தை எடுத்துவிட்டாலும் வெளிச்சமாவது மிஞ்சும். கூழிலிருந்து காறலை எடுத்தால் என்ன மிஞ்சும்?

"மாமா, இதுவோ கூழ்?" என்றான் மருமகன், கரண்டியை வைத்துவிட்டு.

மறுநாட் காலை பாசையூருக்குப் போய் நண்டும் மீன்தலையும் வாங்கினோம். ஒடியல் மாவுக்குத்தான் மூன்று கடை ஏறி இறங்க வேண்டியதாயிற்று.