மலை இறங்கும் வண்டியும் ஒரு ரப்பர் வளையமும்



ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குகிற மலைப்பாதையைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. காலையில் கிளம்பி, பீமன் அருவியில் குளித்து, காவலூர் வானாய்வகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது ஒரே பைக்கில் இரண்டு பேராக இறங்கி வருகிறவர்கள் எத்தனையோ பேர். கையில் தேன் பாட்டில், மடியில் சாமை அரிசிப் பை. ஏறும்போது பாடுபட்டது இன்ஜின். இறங்கும்போது பாடுபடுவது பிரேக். முன் சக்கரத்து டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அந்தக் காலிப்பரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வண்டியும் ஆட்களுமாக 280 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அந்த இறக்கத்தில் வெளிப்படுகிற ஆற்றல் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் இறங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அப்படி இறங்கும்போது இன்ஜின் தாங்கியிருக்கும் பங்கும் பிரேக்கில்தான் சூடாக ஏறுகிறது. டிஸ்க்கிலிருந்து அதைக் கவ்வுகிற பேடுக்கு, பேடிலிருந்து அதைத் தள்ளுகிற பிஸ்டனுக்கு, பிஸ்டனிலிருந்து அதன் பின்னாலுள்ள பிரேக் ஆயிலுக்கு.

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மூடி போட்டு இறுக்கியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட வேண்டாம், 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகிவிடும். கொதித்தால் குமிழி வரும். லீவரை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும், பேட் நகராது. லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. அடிவாரத்தில் டீ குடித்து முடிப்பதற்குள் சூடு தணிந்து பிரேக் பழையபடி பிடிக்கும். மறுநாள் மெக்கானிக் பார்த்தால், "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் மேல் தப்பில்லை. அவர் பார்க்கும்போது அது நல்லாத்தான் இருக்கும்.

ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் இந்த ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. அடுத்தது ரப்பர்.

காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் சீல். ஆயில் கசியாமல் காப்பது அதன் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. லீவரை அழுத்தும்போது பிஸ்டன் முன்னே நகர்கிறது. பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த வளையம் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. லீவரை விட்டதும் முறுக்கு தளர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்கிறது. டிஸ்க் பிரேக்கில் பேடை விடுவிக்கத் தனியாக ஸ்பிரிங் கிடையாது. டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் செய்கிற வேலையை இங்கே இந்த வளையம் செய்கிறது. எனக்கு இந்த அமைப்பின் மேல் தீராத வியப்பு உண்டு.

வளையம் உட்கார்ந்திருக்கிற பள்ளத்தில் மழைநீரும் சேறும் சேர்ந்து அலுமினியம் அரித்தால், வெள்ளையாக மாவு பூத்துவிடும். அந்தப் பூப்பு வளையத்தைப் பின்னாலிருந்து தள்ளி பிஸ்டனோடு இறுக்கும். பிஸ்டன் பின்னே வராது. பேட் உரசிக்கொண்டே இருக்கும். பௌர்ணமியன்று கிரிவல நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபின் முன் சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை அடித்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரிய ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்து விட்டபின் சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும். இரண்டு பேடில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் காலிப்பர் நகர்கிற ‘பின்’ கம்பி இறுகியிருக்கிறது.

வீட்டிலேயே பிரிக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு எல்லை சொல்லிவிடுகிறேன். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், விற்பனையில் இருந்த பழைய மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அந்த வண்டிகளில் ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று புகுந்தால், அதை வெளியேற்றப் பல மாடல்களுக்குச் சர்வீஸ் சென்டர் கருவி தேவைப்படும். பேடைக் கழற்றித் துடைப்பது, ‘பின்’ கம்பிக்கு சிலிகான் கிரீஸ் தடவுவது, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏ.பி.எஸ். இல்லாத வண்டி என்றால் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே பிஸ்டனை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். பேடை எடுத்துவிட்டு லீவரை நிதானமாக அழுத்தினால் பிஸ்டன் தானே வரும். எதிரே பழந்துணி வையுங்கள், விரல் வைக்காதீர்கள். ஹோஸைக் கழற்றிவிட்டால் தள்ளுவதற்கு வேறு பலம் கிடையாது. பிறகு கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகி பிஸ்டனில் கீறல் விழவைக்கிறார்கள். பஞ்சர் கடைக் காற்றை உள்ளே விட்டு பிஸ்டனை வெளியே எடுப்பவர்களும் உண்டு. பிஸ்டன் பறந்து வரும், விரலை நசுக்கும்.

பழைய சீலை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சீவிய மூங்கில் குச்சி போதும். அதே குச்சியால் பள்ளத்திலுள்ள வெள்ளைப் பூப்பை முழுக்கச் சுரண்டுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள், இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் புதியது வாங்குங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேலிருக்கும் குரோம் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கே துரு ஏறும்.

நம் பட்டறைகளில் எதற்கும் டீசலோ பெட்ரோலோ ஊற்றிக் கழுவுவது வழக்கம். காலிப்பருக்கு அது ஆகாது. பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் இந்த ரப்பர் ஊதிப்போகும். ஊதிய சீல் பிஸ்டனை மறுபடியும் இறுக்கும். புது பிரேக் ஆயிலைத் தொட்டுப் புது சீலை நனைத்துப் பள்ளத்தில் பொருத்தி, விரலாலேயே பிஸ்டனை நேராக அமுக்கி உள்ளே அனுப்புங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ கோணிக்கொண்டிருக்கிறது. ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது வாஷர் போடுங்கள்.

உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரிலுள்ள நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் லீவரை விடலாம். மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்கின் மேல் ஆயில் சொட்டு விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் ஆயில் பெயிண்டை உரித்துவிடும்.

லீவர் கல் மாதிரி நின்றபின் தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் காலிப்பருக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதுவரை மலைப்பக்கம் போக வேண்டாம். மிச்சமான ஆயிலை அடுத்த முறைக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள். திறந்த பாட்டிலுக்குள்ளும் ஈரம் இறங்கும்.