காய்ச்சல் மருந்து: வயசு பார்க்காதீங்க, எடை பாருங்க
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)



பிள்ளைக்கு உடம்பு சுட்டா நாம என்ன செய்றோம்? போன தடவை அக்கா பிள்ளைக்கு வாங்கின பாட்டில் மாடத்துல இருக்கும். அவனுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தோமே, இவனுக்கும் ஒரு ஸ்பூன். பாராசிட்டமால் நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை.

மூணு வயசுல 10 கிலோ பிள்ளையும் உண்டு, 15 கிலோ பிள்ளையும் உண்டு. அதனால எடைதான் கணக்கு. ஒரு கிலோவுக்கு, ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150. குழுவுல வட்டியை விரல்விட்டுச் சொல்ற நமக்கு இது ஒரு கணக்கா? எடை தெரியலைன்னா அங்கன்வாடியில போட்டுப் பாருங்க.

இப்போ பாட்டிலுக்கு வருவோம். தப்பு நடக்கிறதே இங்கேதான். ஒரே மருந்து, 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் உள்ளதும் வருது, 250 உள்ளதும் வருது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 இருக்கும். அந்த 10 கிலோ பிள்ளைக்கு 150 வேணும்னா, முதல் பாட்டில்ல 6 மி.லி., அடுத்ததுல 3 மி.லி., சொட்டு மருந்துல ஒன்றரை மி.லி.தான். சின்னப் பாட்டில்தானேன்னு சொட்டு மருந்தை 5 மி.லி. ஊத்தினா 500 மில்லிகிராம் உள்ளே போயிடும்! பொடி எழுத்து புரியலைன்னா கடையிலேயே கேட்டு, நம்ம பிள்ளைக்கு எத்தனை மி.லி.ன்னு அட்டைப்பெட்டி மேல எழுதி வாங்குங்க. கூடவே வரும் அளவு மூடியில், இல்லேன்னா சொட்டுக்குழாயில் அளங்க. சமையல் கரண்டி வேண்டாம்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேணும். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. அம்மா கொடுத்துட்டு களையெடுக்கப் போவாங்க, அது தெரியாம பாட்டியும் கொடுப்பாங்க. கொடுத்த நேரத்தைக் காலண்டர்ல குறிச்சிடுங்க. சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கு, கேட்டு வாங்குங்க.

பெரியவங்க மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுக்காதீங்க. ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிமசுலைடு 12 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு 2011-லேயே நம்ம நாட்டுல தடை வந்தாச்சு. ஐபுபுரூஃபன், அது கலந்த சிரப் எதையும் டாக்டரைக் கேட்காம தொடாதீங்க. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆகும்.

மூணு மாசத்துக்குள்ளான குழந்தைக்குக் காய்ச்சல்னா வீட்டு மருந்தே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. எந்த வயசா இருந்தாலும் வலிப்பு, மூச்சுத்திணறல், பால் தண்ணி குடிக்காமை, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தா 108-ஐக் கூப்பிடுங்க.

அளவு கூடிப்போச்சுன்னு தெரிஞ்சா, பிள்ளை சிரிச்சு விளையாடினாலும் காத்திருக்காதீங்க. பயந்து மறைக்கவும் வேண்டாம். முறிவு மருந்து இருக்கு, சீக்கிரம் போனால்தான் நல்லா வேலை செய்யும். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.