தல்லாகுளத்துக்கு வந்த ஆங்கில வாத்தியார்கள்



சித்திரையில் அழகர் மலையிறங்கி வரும்போது மதுரை ஜனங்கள் எதிரே போய் அழைத்து வருவார்கள். அதற்கு எதிர்சேவை என்று பெயர். அழகர் வந்து தங்குவது தல்லாகுளம் பெருமாள் கோவிலில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு வைகைக்குக் கிளம்புவதும் அங்கிருந்துதான். வருகிறவரை எதிர்கொண்டு அழைப்பது அந்த வட்டாரத்துக்குக் கைவந்த பழக்கம். இன்றைய உரை, அதே தல்லாகுளத்துக்குக் கடல் கடந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர்களைப் பற்றியது.

1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1909இல் வைகையின் வடகரைக்கு, இந்தத் தல்லாகுளம் பகுதிக்கு, இடம் மாறியது. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் பெண்களுக்காக லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். இந்த இரண்டு கல்லூரிகளுக்கும்தான் ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பு தன் இளைஞர்களை அனுப்பியது.

ஷான்சி என்பது சீனாவின் ஒரு மாகாணம். 1900இல் வெளிநாட்டாரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்தின்போது, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் படித்த சமயப் பணியாளர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1908இல் இந்த அமைப்பு உருவானது. பட்டம் வாங்கிய கையோடு இளைஞர்கள் சீனாவுக்குப் போய் ஆங்கிலம் கற்பித்தார்கள். 1949இல் அங்கே ஆட்சி மாறியது, பாதை அடைபட்டது. 1950களில் மதுரைக்கு வரத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். வந்தால் இரண்டு வருஷம் தங்க வேண்டும்.

அந்த வகுப்பறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள். "அவன்கிட்டதான் சொன்னேன்" என்பதை மனசில் வைத்துக்கொண்டு, "ஐ டோல்டு ஹிம் ஒன்லி" என்பான் ஒருவன். அமெரிக்கக் காதுக்கு அந்த 'ஒன்லி' வெறும் 'மட்டும்' என்று விழும். ஏன் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது என்பதும் புரியாது. தப்பு என்று அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாத்தியாருக்குத் தமிழ் தெரிந்திருந்தால், அது 'தான்' என்ற ஒற்றைச் சொல்லின் வேலை என்று உடனே பிடிபடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரலின் அழுத்தமே செய்துவிடுகிறது என்று அவர் சொல்லிக்காட்டலாம். பஸ் ஏன் 'பஸ்ஸு' ஆகிறது, ஸ்கூல் ஏன் 'இஸ்கூல்' ஆகிறது என்பதும் அப்படித்தான். மெய்யில் முடிகிற சொல்லுக்குக் கடைசியில் ஓர் உகரம் சேர்ப்பதும், சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் உயிரைப் போடுவதும் தமிழ் நாக்கின் இயல்பு. மாணவனை மக்கு என்று நினைக்காத வாத்தியார் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஆங்கிலத்துக்குப் பயந்து படித்த நேயர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வாத்தியார்களுக்கும் பாடம் இருந்தது. புத்தகத்தில் 'போகிறேன்' என்று படித்துவிட்டு வெளியே வந்தால் ஊரே 'போறேன்' என்கிறது. சரி என்று அதைப் பழகிக்கொண்டு, விருந்துண்ட வீட்டு வாசலில் நின்று "போறேன்" என்றால், வீட்டுப் பாட்டிக்கு மனசு பதறும். "போயிட்டு வர்றேன்னு சொல்லுப்பா" என்று திருத்துவாள். 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்பதையும் அவர்கள் இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே!

அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் கு. பரமசிவத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. மொழியியல் அறிந்த தமிழாசிரியர் அவர். ஜேம்ஸ் லிண்ட்ஹோமுடன் சேர்ந்து, வெளிநாட்டார் தமிழ் கற்பதற்கான பாடநூலை 1980இல் கொண்டுவந்தார். டேவிட் பக் என்ற அமெரிக்கரோடு இணைந்து இறையனார் அகப்பொருளையும் அதன் உரையையும் அவர் ஆங்கிலமாக்கியது 1997இல் நூலாக வெளிவந்தது. மதுரைச் சொக்கநாதர் பெயரால் வழங்கும் இலக்கணத்தை ஒரு மதுரைப் பேராசிரியரும் ஓர் அமெரிக்கரும் வரிவரியாக உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். எதிர்சேவைக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது!

ஷான்சி வழியாக வந்தவர்களில் ஜோசப் எல்டர் தனித்துத் தெரிகிறார். 1951இல் ஓபர்லினில் பட்டம் பெற்று மதுரைக்கு வந்து இரண்டாண்டு ஆங்கிலம் கற்பித்தார். பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். அமெரிக்க மாணவர்களை இந்தியாவில் ஓராண்டு தங்கிப் படிக்க அனுப்பும் திட்டத்தைப் பல காலம் நடத்தினார். 1965 இந்திய-பாகிஸ்தான் போருக்குப் பிறகு குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ அமைதி இயக்கத்தார் இரண்டு தரப்பையும் சந்தித்துப் பேசினார்கள்; அந்தக் குழுவில் அவரும் ஒருவர். 1980களில் இலங்கை அரசுக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் நடுவே ஓசையில்லாமல் சேதி கொண்டுபோனார். ஆங்கில வாத்தியாராக வந்த ஓர் இளைஞருக்கு மதுரை எவ்வளவு கொடுத்து அனுப்பியிருக்கிறது பாருங்கள்.

இப்போது இரண்டு வாரத் தன்னார்வப் பயணங்கள் பெருகிவிட்டன. பிள்ளைகளின் பெயர் மனசில் பதிவதற்குள் விமானம் ஏற வேண்டும். புதியவர் வந்ததும் பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சொல்லிக்கொடுக்கிறவர் இரண்டு வருஷம் ஊரில் இருந்து பழகினால் கிடைக்கிற பலன் இதில் கிடைக்காது. அழைப்பதும் உள்ளூர்க் கல்லூரியாக இருக்க வேண்டும். அவர் போன பிறகு வேலையைத் தொடர அங்கே ஆள் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த உதவியை உள்ளூரே தொடர்ந்ததற்குத் தல்லாகுளத்துக்குப் பக்கத்து அண்ணாநகரைப் பாருங்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஒரு காலத்தில் கண்புரை அறுவைக்கு வெளிநாட்டு லென்ஸை நம்பியிருந்தது. அமெரிக்கரான டேவிட் கிரீன் உதவியோடு 1992இல் ஆரோலேப் உருவானது. அதன்பின் லென்ஸ் மதுரையிலேயே தயாரானது, வெளிநாட்டுக்கும் போனது. ஆங்கிலப் பாடமும் அப்படி உள்ளூரில் வேர்பிடிக்க வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது.  கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் என்றைக்காவது ஒரு வெளிநாட்டு இளைஞரோ இளம்பெண்ணோ தட்டுத்தடுமாறித் தமிழில் வழி கேட்டால், சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடாதீர்கள், நேயர்களே. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, மதுரைத் தமிழிலேயே வழி சொல்லுங்கள். சாப்பிட்டாச்சா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.